ஹூண்டாய் கோனா: ஒரே வண்டி, பெட்ரோலிலும் மின்சாரத்திலும்

மின்சார காரையும் பெட்ரோல் காரையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் ஒரு குளறுபடி நடக்கிறது. ஒரு பக்கம் டெஸ்லாவை நிறுத்துவார்கள், மறுபக்கம் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கை நிறுத்துவார்கள். எடை வேறு, விலை வேறு, தயாரித்த கம்பெனி வேறு, வடிவமும் வேறு. கடைசியில் கிடைக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மின்சாரத்தால் வந்தது, எவ்வளவு வண்டியால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

அதனால்தான் இந்த ஆய்வுக்கு ஹூண்டாய் கோனாவை எடுத்துக்கொண்டேன். 2017-இல் பெட்ரோல் வண்டியாக வந்த கோனா, 2018-இல் அதே உடம்பில் பேட்டரியும் மோட்டாரும் பொருத்திய மின்சார வண்டியாகவும் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே வடிவமைப்பு, ஏறக்குறைய ஒரே இருக்கைகள். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2019 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மின்சார கோனா, சென்னையை அடுத்த ஹூண்டாய் தொழிற்சாலையில் அசெம்பிள் செய்யப்பட்டது. பெட்ரோல் கோனா இங்கே வரவே இல்லை. ஆகவே இரண்டையும் விற்ற அமெரிக்கா, ஐரோப்பா, கொரியாவிலிருந்து வண்டிக் கணக்கையும், நம்மூர் விலையிலிருந்து பணக் கணக்கையும் எடுத்திருக்கிறேன்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எரிசக்திச் சிக்கனத்திலும் ஓட்டத்திலும் மின்சார வண்டி முந்துகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்பகத்தன்மை விஷயம் மட்டும் பலர் சொல்வதுபோல எளிதாக முடிவதில்லை. பெட்ரோல் வண்டி அடிக்கடி, சின்னச் சின்னதாகச் செலவு வைக்கும். மின்சார வண்டி அபூர்வமாகத்தான் வைக்கும், ஆனால் வைத்தால் பெரிதாக வைக்கும். வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கோனாவின் கதை இதைக் கண்முன்னே காட்டுகிறது.

எவ்வளவு குடிக்கிறது?

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இரண்டு கோனாவையும் ஒரே முறையில் சோதித்தது. 2019 மாடல் 2.0 லிட்டர் பெட்ரோல் கோனாவுக்கு நகரம், நெடுஞ்சாலை இரண்டும் சேர்த்துக் கிடைத்தது லிட்டருக்குச் சுமார் 12.75 கிலோமீட்டர். 64 கிலோவாட்-மணி (அதாவது 64 யூனிட்) பேட்டரி கொண்ட மின்சார கோனா 100 கிலோமீட்டருக்குச் சுமார் 17.4 யூனிட் எடுத்தது. இது சுவரில் இருக்கும் பிளக்கில் அளந்த கணக்கு. சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதும் இதற்குள் அடக்கம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 8.9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பெட்ரோல் கோனா 100 கிலோமீட்டருக்கு 70 யூனிட் ஆற்றலை விழுங்குகிறது. அதே உடம்பு, அதே தூரம், நான்கு மடங்கு. பெட்ரோல் இன்ஜின் எரிப்பதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது. சக்கரத்துக்கு வந்து சேருவது நாலில் ஒரு பங்கு வந்தாலே அதிகம்.

நகரத்தையும் நெடுஞ்சாலையையும் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவையான விஷயம் தெரியும். பெட்ரோல் கோனா நகரத்தில் லிட்டருக்குச் சுமார் 11.5 கி.மீ., நெடுஞ்சாலையில் 14 கி.மீ. மின்சார கோனாவில் இது அப்படியே தலைகீழ். நகரத்தில் 100 கி.மீ.க்கு 16 யூனிட் போதும், நெடுஞ்சாலையில் 19 யூனிட்டுக்கு மேல் வேண்டும். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் எரிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது அந்த ஓட்டத்தின் ஒரு பகுதியை மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நெடுஞ்சாலையிலோ திருப்பி எடுக்க எதுவும் இல்லை, காற்றைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வேகம் கூடக் கூட அந்தச் செலவு மளமளவென்று ஏறும்.

இதற்கு ஒரு தீவிரமான உதாரணம் உண்டு. 2020 ஜூலையில் ஜெர்மனியின் லாவுசிட்ஸ்ரிங் பந்தயத் தடத்தில் மூன்று மின்சார கோனாக்களை ஒரே சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்று ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றுமே 1,000 கிலோமீட்டரைத் தாண்டின, அதிகபட்சம் 1,026. அதே வண்டிக்கு ஐரோப்பியச் சோதனை சொன்ன தூரம் 484 கிலோமீட்டர்தான். ரகசியம் ஒன்றுமில்லை: ஏசி கிடையாது, சராசரி வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சென்னையில் காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையில் போகிறவருக்கு இந்த வேகம் நன்றாகவே பழக்கம்.

இந்த இடத்தில் விளம்பரத்தில் வரும் ரேஞ்ச் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கு வந்தது 39.2 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட சின்ன கோனா. இந்தியச் சோதனையின்படி ஒரு சார்ஜில் 452 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். அதே பேட்டரி அளவுக்கு ஐரோப்பியச் சோதனையில் கிடைத்தது 289. மின்சார வண்டி வாங்கி ஏமாந்துவிட்டேன் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் வண்டியால் ஏமாறவில்லை, இந்த முதல் எண்ணை நம்பியதால் ஏமாந்தார்கள் என்பது என் கருத்து. பெட்ரோல் வண்டியிலும் சோதனை மைலேஜுக்கும் உண்மை மைலேஜுக்கும் இடைவெளி உண்டுதான். ஆனால் அங்கே பங்க் எல்லா ஊரிலும் இருப்பதால் அது பர்ஸை மட்டும் பாதிக்கும். இங்கே பயணத்தையே பாதிக்கும்.

சரி, அனல்மின் நிலையத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மின்சாரமாக மாறுகிறது. கம்பியில் வரும் வழியிலும் இழப்பு. 35 சதவீத அனல்மின் நிலையம், 15 சதவீத வழி இழப்பு என்று வைத்துக்கொண்டால், பிளக்கில் 17.4 யூனிட் வருவதற்கு 58 யூனிட் அளவுக்கு நிலக்கரி எரிந்திருக்கும். பெட்ரோல் வண்டியின் 70-உடன் ஒப்பிட்டால் நான்கு மடங்கு வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. முழுக்க நிலக்கரியில் ஓடும் மின்கட்டமைப்புக்கு இதுதான் உண்மை.

புகைக் கணக்கும் இதே பாதையில்தான் போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 100 கிலோமீட்டருக்கு 18 கிலோ. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்தியக் கட்டமைப்பு மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. வழி இழப்பையும் சேர்த்தால் மின்சார கோனாவுக்கு 14, 15 கிலோ வரும். குறைவுதான், பிரமாதமான குறைவு இல்லை. பேட்டரி தயாரிக்கும்போது வெளியான புகையை இந்தச் சின்ன இடைவெளியில் ஈடுகட்ட வேண்டும் என்றால் நிறைய ஓட்டியாக வேண்டும். ஆனால் ஒன்று: பெட்ரோல் கார் வாங்கிய நாளில் எவ்வளவு புகைவிட்டதோ பத்து வருடம் கழித்தும் அதே அளவுதான் விடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கட்டமைப்பில் சேரச் சேர, ஏற்கெனவே வாங்கிய மின்சார காரின் கணக்கும் தானாகவே இறங்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எதிர்காலக் கற்பனை என்று தோன்றாது.

நம் பையில் எவ்வளவு?

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 100 கிலோமீட்டருக்கு 780 ரூபாய். வீட்டுச் சார்ஜில் 17.4 யூனிட்.

இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். வீட்டுக் கரண்ட் பில்லின் சராசரியை எடுத்து, யூனிட் ஐந்து ரூபாய், ஆகவே 87 ரூபாயில் 100 கிலோமீட்டர் என்பார்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் கூடுதலாக 350 யூனிட் வரும். ஏற்கெனவே ஃபிரிட்ஜும் ஏசியும் ஓடும் வீட்டில் இந்த 350-ம் மேலே போய் உட்காரும். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் சட்டென்று ஏறுவது எல்லோருக்கும் தெரியும். அதனால் காருக்குப் போகும் மின்சாரத்துக்கு யூனிட் 10 முதல் 12 ரூபாய் என்று வைப்பதே நேர்மை. 100 கிலோமீட்டருக்கு 175 முதல் 210 ரூபாய். பொது இடத்தில் ஃபாஸ்ட் சார்ஜர் என்றால் யூனிட் 20 ரூபாயைத் தாண்டும், 350 முதல் 400 ரூபாய் ஆகிவிடும்.

அப்படியும் வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு 100 கிலோமீட்டருக்கு 580 ரூபாய் மிச்சம். கோனா அறிமுகமானபோது விலை 25.30 லட்சம். ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபின் 23.7 லட்சம் அளவுக்கு இறங்கியது. அதே அளவுள்ள நல்ல பெட்ரோல் எஸ்யூவியைவிடப் பத்து லட்சம் கூடுதல் என்று கொண்டால், எரிபொருளில் மட்டும் அதை மீட்க 1.7 லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சாதாரண குடும்பத்துக்கு இது பத்து, பதினைந்து வருட ஓட்டம். இந்தியாவில் கோனா பெரிதாக விற்காமல் 2024-இல் விடைபெற்றதற்கு இந்த விலை இடைவெளிதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வண்டி மோசம் என்பதால் இல்லை.

ஓட்டத்தில் யார்?

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் போட்டியே பெரிதாக இல்லை. ஐரோப்பாவில் விற்ற 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கோனாவுக்கு 120 குதிரைத்திறன், 172 நியூட்டன்-மீட்டர் இழுவிசை. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 12 விநாடி. சின்ன பேட்டரி கோனாவுக்கு 136 குதிரைத்திறன், 395 நியூட்டன்-மீட்டர், 9.7 விநாடி. பெரிய பேட்டரிக்கு 204 குதிரைத்திறன், 7.6 விநாடி.

எண்களைவிட ஓட்டும் அனுபவத்தில் வித்தியாசம் தெரியும். திண்டிவனம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் மிதித்ததும் கியர்பாக்ஸ் ஒரு கணம் யோசிக்கும், கியரை இறக்கும், இன்ஜின் சத்தம் ஏறும், அப்புறம்தான் இழுக்கும். மின்சார வண்டியில் மிதித்த கணமே முழு இழுவிசையும் சக்கரத்தில் இருக்கும். அந்த அரை விநாடியும் முக்கால் விநாடியும்தான் எதிரே வரும் பஸ்ஸுக்கு முன்னால் தடத்துக்குத் திரும்பிவிட்டோமா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. கோனாவில் இது கொஞ்சம் அளவுக்கு மீறியே இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் அந்த இழுவிசையைத் தாங்க முடியாமல், ஈரச் சாலையில் வழுக்கிச் சுழல்வதாக ஓட்டியவர்கள் சொன்னார்கள்.

மலை ஏற்றத்திலும் இதே கதை. 2020 தொடக்கத்தில் ஒரு கோனா திபெத்தின் சவுலா கணவாயில் 5,731 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மிக உயரமான இடத்தை எட்டிய மின்சார கார் என்று கின்னஸில் இடம்பிடித்தது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பாதி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கே மூச்சு வாங்கி, சக்தியில் பாதியை இழந்துவிடும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை.

பெட்ரோல் முந்தும் இடங்களும் உண்டு. பெரிய பேட்டரி கோனாவின் எடை 1,685 கிலோ, அமெரிக்கப் பெட்ரோல் கோனாவைவிட 370 கிலோவுக்கு மேல் கூடுதல். அந்த எடை வளைவுகளில் தெரியும், டயர் தேய்மானத்திலும் தெரியும். உச்ச வேகத்திலும் 1.6 டர்போ பெட்ரோல் 200-ஐத் தாண்டும், மின்சாரம் 167-இல் நின்றுவிடும். அது நம் சாலைகளுக்குத் தேவையில்லாத எண் என்பது வேறு விஷயம். தேவையான எண் இது: இந்தியக் கோனாவை 50 கிலோவாட் சார்ஜரில் 80 சதவீதம் ஏற்ற 57 நிமிடம். பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம். மதுரைக்குப் போகும் வழியில் இரண்டு பேர் நமக்கு முன்னால் சார்ஜருக்கு வரிசையில் நின்றால் அந்த 57 நிமிடம் எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரிக்குள் ஒரு மடிப்பு

இனி நம்பகத்தன்மை. இந்த ஆய்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

2019 ஜூலையில் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு வீட்டுக் கராஜில் நின்றிருந்த மின்சார கோனா வெடித்துத் தீப்பிடித்தது. கராஜின் கதவு பறந்துபோனது. வண்டி அப்போது சார்ஜில்கூட இல்லை. கொரியாவிலும் அடுத்தடுத்து நிறுத்திவைத்த கோனாக்கள் எரிந்தன. 2020 அக்டோபரில் கொரியாவில் மட்டும் 25,564 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் 456 கோனாக்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டன. 2019 ஏப்ரல் முதல் 2020 அக்டோபர் வரை தயாரானவை அவை.

அப்போது கொடுத்த தீர்வு பெரும்பாலும் மென்பொருள். பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பை அப்டேட் செய்து, செல்களில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் மட்டும் பேட்டரியை மாற்றுவது. 2021 ஜனவரியில் கொரியாவின் டேகு நகரில், இந்த அப்டேட் முடிந்த ஒரு கோனாவே தீப்பிடித்தது. அதோடு அந்தத் தீர்வின் மீதிருந்த நம்பிக்கை போயிற்று. அடுத்த மாதமே உலகம் முழுக்க 81,701 வண்டிகளின் பேட்டரியை மொத்தமாக மாற்றப்போவதாக ஹூண்டாய் அறிவித்தது. இதில் பெரும்பாலானவை கோனா, மீதி அயோனிக் கார்களும் சில பஸ்களும். செலவு கொரியப் பணத்தில் ஒரு லட்சம் கோடி வோன். ஒரு வண்டிக்குப் பிரித்தால் 1.2 கோடி வோன், அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் அளவு.

கொரிய அரசு சுட்டிக்காட்டிய குறை என்ன? சீனாவின் நான்ஜிங்கில் எல்ஜி நிறுவனம் தொடக்க காலத்தில் தயாரித்த செல்கள் சிலவற்றின் உள்ளே, எதிர்மின் தகட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோக நாக்கு மடிந்திருந்தது. ஒரு செல் என்பது காகிதம் போன்ற தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பையில் அடைத்து ஒட்டியது. அதற்குள் ஒரு மடிப்பு விழுந்தால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு சார்ஜின்போதும் அந்த மடிப்பின் மேல் லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாகப் படியக்கூடும். படிந்து வளர்ந்து எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். எல்ஜி இதை முழுதாக ஏற்கவில்லை. அப்படி மடிந்த செல்களை வைத்துச் சோதித்தபோது தீ பற்றவில்லை என்பது அவர்கள் வாதம். இடைக்காலத்தில் வண்டிக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது, முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்பதுதான். ஒரு தகட்டின் ஓரத்தில் விழுந்த மடிப்புக்காக முழு பேட்டரியையும் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. மின்சார வண்டியின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதைப் படித்ததும் பெட்ரோலே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அதே கம்பெனியின் பெட்ரோல் பக்கத்தில் அதே காலத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டில் உலோகத் துகள்

ஹூண்டாயும் அதன் சகோதர நிறுவனமான கியாவும் 2011 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற சொனாட்டா போன்ற வண்டிகளில் தீட்டா 2 என்ற நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. தொழிற்சாலையில் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது சிதறிய உலோகத் துகள்கள் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் ஆயில் போகும் துளைகளில் தங்கிவிட்டன. இன்ஜின் ஓட ஓட அந்தத் துகள்கள் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைத்தன. ஆயில் இல்லாத பேரிங் தேய்ந்து, கடகடவென்று சத்தம் வந்து, கடைசியில் கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜினின் பக்கவாட்டைத் துளைத்து வெளியே வந்தது. நெடுஞ்சாலையில் வண்டி அப்படியே நின்றது. சூடான பாகங்களில் ஆயில் கொட்டித் தீயும் பிடித்தது.

2015-இல் 4.7 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் இன்னும் 12 லட்சம் சேர்ந்தன. தாமதமாக அழைத்ததற்காகவும் சரியான தகவல் தராததற்காகவும் 2020 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகத்துடன் இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தத்துக்கு வந்தன. அதன் மொத்த மதிப்பு 21 கோடி டாலர். இன்ஜின் சிக்கல்களுக்காக அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் அவை ஒதுக்கிவைத்த தொகை 3.36 லட்சம் கோடி வோன். பேட்டரி மாற்றத்துக்கான தொகையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இங்கேயும் முதலில் வந்த தீர்வுகளில் ஒன்று மென்பொருள்தான். இன்ஜினின் அதிர்வை உணர்ந்து, பேரிங் உடைவதற்கு முன்னால் எச்சரிக்கும் ஏற்பாடு.

தீட்டா 2 கோனாவில் இல்லையே என்று கேட்கலாம். சரி, கோனாவையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி அறிவிப்பு வந்த அதே 2021-இல், அமெரிக்காவில் 2.0 லிட்டர் பெட்ரோல் கோனாவும் திரும்ப அழைக்கப்பட்டது. ஹூண்டாயின் மற்ற கார்களான எலான்ட்ரா, வெலோஸ்டர் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். பிஸ்டனில் ஆயிலை வழித்துவிடும் வளையம் சரியாகப் பதப்படுத்தப்படாமல் அளவுக்கு மீறிக் கடினமாகிவிட்டது. அது சில்லாகப் பெயர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறலாம், ஆயில் குறையலாம், இன்ஜின் பிடித்து நிற்கலாம், தீயும் பற்றலாம்.

ஒரே உடம்பு, ஒரே ஆண்டு, இரண்டு பக்கமும் தயாரிப்புக் கோளாறு, இரண்டிலும் தீ அபாயம். மின்சாரம் என்றால் தீப்பிடிக்கும், பெட்ரோல் என்றால் பிடிக்காது என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினைப் பெரும்பாலும் திறந்து பார்க்கலாம், பேரிங்கை மாற்றலாம், பாதி இன்ஜினை மட்டும் மாற்றலாம். 3.36 லட்சம் கோடி வோன் பரவியது பல லட்சம் வண்டிகள்மேல். ஒரு லட்சம் கோடி வோன் விழுந்தது வெறும் 82 ஆயிரம் வண்டிகள்மேல். கோளாறு வரும்முன் கேட்கும் சத்தமும் ஒரு வேறுபாடுதான். கெட்டுப்போகும் இன்ஜின் பெரும்பாலும் முன்கூட்டியே சத்தம் போடும், ஆயில் குடிக்கும், புகை விடும். நம்மூர் மெக்கானிக் காதை வைத்தே சொல்லிவிடுவார். மடிந்த நாக்கு ஒரு சத்தமும் போடாது.

நடுவழியில் நிற்பது எது?

தீ விபத்துகள் அபூர்வம். தினசரி நம்பகத்தன்மை என்பது காலையில் வண்டி கிளம்புமா என்ற கேள்வி. ஜெர்மனியின் ஏடிஏசி அமைப்பு வழியில் நின்ற வண்டிகளுக்கு உதவி செய்கிற அமைப்பு. 2025-இல் அது வெளியிட்ட கணக்கில், 2020 முதல் 2022 வரை பதிவான வண்டிகளில் ஆயிரத்துக்கு 10.4 பெட்ரோல், டீசல் வண்டிகள் வழியில் நின்றன. மின்சார வண்டிகள் 4.2. இரண்டு பக்கமும் முதல் குற்றவாளி ஒன்றேதான்: சாதாரண 12 வோல்ட் பேட்டரி. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சக்தி அடியில் இருந்தும், கதவைத் திறக்கும் இந்தச் சின்ன பேட்டரி செத்தால் மின்சார காரும் நின்றுவிடும்.

அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023-இல் சொன்னது இதற்கு நேர் எதிர். பெட்ரோல் கார்களைவிட மின்சார கார்களில் 79 சதவீதம் கூடுதல் பிரச்சினைகள். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்களில் 26 சதவீதம் குறைவு. இரண்டு கணக்கும் சரிதான். ஏடிஏசி எண்ணுவது நடுவழியில் நின்ற வண்டிகளை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எண்ணுவது சொந்தக்காரர் சொல்லும் எல்லாக் குறைகளையும்: திரை உறைவது, கதவுக் கைப்பிடி வேலை செய்யாதது, சார்ஜ் ஏற மறுப்பது. புதிதாக வடிவமைத்த வண்டிகளில் இத்தகைய குறைகள் அதிகம் வரும், மின்சார வண்டிகளில் பெரும்பாலானவை புதிய வடிவமைப்புகள். அடுத்த ஆண்டே அந்த 79, 42-ஆக இறங்கியது.

புதிய வடிவமைப்பின் விலையை ஹூண்டாயின் அடுத்த மின்சார வண்டியான அயோனிக் 5 காட்டியது. சார்ஜ் ஏற்றுவதையும் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் கொடுப்பதையும் ஒன்றாகச் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகி, வண்டிகள் ஓடும்போதே சக்தி இழந்தன. அமெரிக்காவில் 2024-இல் இரண்டு முறை திரும்ப அழைத்தார்கள். சென்னையில் அசெம்பிள் ஆன அயோனிக் 5-களிலும் 1,744 வண்டிகள் அதே ஆண்டு அழைக்கப்பட்டன. ஏடிஏசி பட்டியலிலும் அந்த வண்டி மோசமான இடத்தில் இருந்தது. 2023-இல் கனடாவில் இன்னொரு அயோனிக் 5-க்கு அடிப்பகுதி பேட்டரி மூடியில் பட்ட அடிக்காகப் பேட்டரியை மாற்றக் கேட்ட தொகை, வண்டியின் விலையையே தாண்டியது. இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியைக் கழித்துவிட்டது. நம் தெருக்களில் இருக்கும் வேகத்தடைகளை நினைத்தால் இந்தச் செய்தி எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்தது. அந்த பேட்டரியில் திரவக் குளிரூட்டல் கிடையாது. கோனாவில் இருக்கிறது, இன்று வரும் நல்ல மின்சார கார்கள் பெரும்பாலானவற்றிலும் இருக்கிறது. வேலூரிலோ திருச்சியிலோ மின்சார கார் வாங்குகிறவர் ரேஞ்சைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

யாருக்கு எது?

சொந்த வீடு, சொந்த பார்க்கிங், சுவரில் ஒரு சார்ஜர், தினமும் 40, 50 கிலோமீட்டர் நகர ஓட்டம். இப்படி இருப்பவருக்கு மின்சாரம்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஆயில் மாற்றம் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, பிரேக் பேடும் நீண்ட நாள் வரும். அடுக்குமாடியில் இருந்து, அசோசியேஷன் சார்ஜர் பாயின்ட்டுக்கு அனுமதி தராமல், பொதுச் சார்ஜரையே நம்ப வேண்டியவருக்கு லாபமும் பாதி, நிம்மதியும் பாதி. மாதத்துக்கு இரண்டு முறை நாகர்கோவில் போய் வருகிறவர் பெட்ரோலிலோ ஹைபிரிட்டிலோ இருப்பது இன்றைக்கு நியாயமான முடிவு.

2025 ஜனவரியில் கிரெட்டாவும் மின்சார வடிவில் வந்தது, தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில். அப்போது ஆரம்ப விலை 17.99 லட்சம். பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றிலும் ஒரே வண்டி, இந்த முறை நம் ஊர்ச் சாலைகளிலேயே. கோனாவுக்கு வெளிநாட்டில் தேடிய ஒப்பீட்டை இன்னும் நான்கைந்து வருடத்தில் இங்கேயே எடுத்துவிடலாம்.

பழைய கோனா இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது, விலையும் கவர்ச்சியாக இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முதலில் வண்டியின் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். 2019 ஏப்ரலுக்கும் 2020 அக்டோபருக்கும் இடையில் என்றால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தத் திரும்ப அழைப்பில் என்ன செய்தார்கள், பேட்டரி மாற்றப்பட்டதா, வெறும் அப்டேட்டா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2019-இல் பதிவான வண்டிக்கு அது 2027-இல் முடிகிறது. பேட்டரி ஆரோக்கிய அறிக்கை தர மறுக்கிற வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.